ரயில் வரும் கட்டம்

கண்ணாடி அறுக்கிற கடையில் ஓரம் தேய்ப்பதுதான் அவளுடைய வேலை. அறுத்த கண்ணாடியின் விளிம்பு பொல்லாதது. தொட்ட விரலைக் கேட்காமலே கிழித்துவிடும். அதைச் சாணைக் கல்லில் கொடுத்து, குழந்தை தடவினாலும் கீறாத அளவுக்கு மழுக்க வேண்டும். கல் சுற்றும்போது மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். தூள் பறக்காமலும், கண்ணாடி சூடேறி விரிசல் விடாமலும் இருக்கத்தான் அந்தத் தண்ணீர். தூளும் தண்ணீரும் கலந்து பால் நிறத்தில் வழியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரே சத்தம்தான். சில நேரம் மழை போலக் கேட்கும், சில நேரம் பக்கத்து அறையில் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது போலக் கேட்கும்.

கடையின் சுவர் நெடுக முகம் பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். தெருவில் போகிற சைக்கிள் ஒன்று முதல் கண்ணாடிக்குள் நுழையும், மூன்றாவது கண்ணாடியிலிருந்து வெளியேறும். நடுவில் எங்கே போனது என்று தெரியாது. அவளும் கிட்டத்தட்ட அப்படித்தான். காலையில் மெஷின் முன்னால் வந்து நிற்பாள், சாயங்காலம் கையுறையைக் கழற்றுவாள். இடையில் எங்கே இருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முதலாளி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்தால்தான் திரும்புவாள்.

"எங்கம்மா போயிருந்த?" என்பார்.

"இங்கதான் சார் நிக்கிறேன்."

இரண்டு பேருக்குமே அது பொய்யென்று தெரியும். ஆனால் அவள் கையில் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. அதனால் அவர் மேற்கொண்டு துருவ மாட்டார்.

சதுரங்கம் அவள் வாழ்க்கைக்குள் வந்தது நாத்தனாரின் கணுக்கால் வழியாக. நாத்தனார் மாடி வீட்டில் இருப்பவள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாள் கையிலிருந்த கண்ணாடிக் குழாய்களைக் காப்பாற்றப் போய்ப் படியில் கால் பிசகி விழுந்தாள். குழாய்கள் தப்பித்தன, கணுக்கால் தப்பவில்லை. மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவளுக்குப் பொழுது போகவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குச் செஸ் என்றால் பைத்தியம். ஆடத் துணை வேண்டுமே. சாப்பாடு கொண்டுபோன அண்ணியைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"இது சிப்பாய், நேரா போவான். இது மந்திரி, சாய்வா போவார். குதிரை மட்டும் கொஞ்சம் கோணல். அவ்வளவுதான் அண்ணி, மத்ததெல்லாம் ஆட ஆட வந்துரும்."

"நாப்பது வயசுக்கு மேல குதிரை ஓட்டணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு."

கட்டுப் பிரித்த அன்று நாத்தனார் எழுந்து நடந்தாள். அண்ணிதான் பலகையை விட்டு எழவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இருவரும் சேர்ந்து கிளப்புக்குப் போக ஆரம்பித்தார்கள். டயர் கடைக்கு மேல் மாடியில் நீளமான ஒரு அறை அது. மேசைகள், மடித்து விரிக்கிற பலகைகள், ஆளுக்கொரு முகமாக இருவர் நேரத்தையும் எண்ணும் இரட்டைக் கடிகாரங்கள், கீழேயிருந்து ஏறி வரும் புது ரப்பர் வாசனை. பேசக் கூடாது. கடிகாரத்தைத் தட்டுகிற சத்தமும், யாராவது தொண்டையைச் செருமுகிற சத்தமும் மட்டும்தான் கேட்கும். அந்த அமைதி அவளுக்குத் தன் சாணைக் கல்லின் இரைச்சலைப் போலவே இருந்தது. உள்ளே போய்ச் சௌகரியமாகத் தொலைந்துபோகலாம். வேலையைச் சொல்லித்தான் அங்கே அவளுக்குப் பெயர் வந்தது. எல்லாருக்கும் அவள் கண்ணாடியக்கா.

கண்ணாடியக்காவின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு சின்னக் கூட்டம் சேரும். காரணம், அவள் மாதிரி அழகாக ஆடித் தோற்பவர்கள் அந்தக் கிளப்பில் வேறு யாரும் இல்லை. தொடக்கத்தில் மெல்லத்தான் வருவாள். பிறகு ஒரு சிப்பாய், இன்னொரு சிப்பாய் என்று பிடுங்கிக்கொண்டு, எதிராளியை மூலையில் ஒடுக்கி, மூச்சுத் திணற வைத்துவிடுவாள். பார்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். சரியாக அந்த நேரத்தில் அவள் ஒரு காயை நகர்த்துவாள் பாருங்கள், நேற்றுக் கற்றுக்கொண்டவன்கூட அப்படி நகர்த்த மாட்டான். அதோடு ஆட்டம் கவிழும். எதிராளி வெற்றியை வாங்கிக்கொண்டு, திருடன் மாதிரி எழுந்து போவார்.

இப்படித் தொப்பிக்காரரிடம் தோற்றது மட்டும் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தொப்பிக்காரர் இன்ஷூரன்ஸ் ஆள். அறைக்குள்ளேயும் தொப்பியைக் கழற்ற மாட்டார். அவரைவிட அவளிடம் ஒரு யானை கூடுதலாக இருந்தது. அவர் தொப்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கிளம்புகிறவர் மாதிரி. அப்புறம் அவருடைய குதிரை ஒன்று, யாரும் அழைக்காத விருந்தாளியாக நடுக்கட்டத்தில் வந்து குதித்து, ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டே ராணியையும் குறிவைத்து நின்றது. ராணி போயிற்று. ஆட்டமும் போயிற்று. "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார் தொப்பிக்காரர். தோல்வியைவிட அதுதான் சுட்டது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, நகர்வையெல்லாம் சொல்லுங்க, போன்ல போட்டுப் பாத்துருவோம். ஒரு நிமிஷத்துல எங்க தப்புன்னு காட்டிரும்."

நகர்வுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். சொல்லச் சொல்ல நாத்தனாரின் விரல் போனில் காய்களைத் தள்ளியது. போனும் காட்டியது. குதிரை குதித்த இடத்தில் இல்லை. அதற்கு நாலைந்து நகர்வுகள் முன்னால், ஓரத்தில் அவள் ஒரு சிப்பாயைச் சும்மா ஒரு கட்டம் தள்ளியிருந்தாள். அங்கே சிவப்பாக ஒரு கேள்விக்குறி விழுந்தது.

"பாத்தீங்களா? அப்ப குதிரையை வர விடாம தடுத்திருக்கணும். அதை விட்டுட்டு இந்தச் சிப்பாயை எதுக்குத் தள்ளுனீங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எதுக்குத் தள்ளுனேன்?"

"என்னைக் கேட்டா?"

"உன் போனைக் கேளு."

போன் பதில் சொல்லவில்லை. பழைய ஆட்டங்கள் சிலவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அதே கதை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், ஒரு சிக்கலும் இல்லாத இடத்தில், காரணமே இல்லாமல் ஒரு நகர்வு. சிவப்புக் கேள்விக்குறி. நாத்தனார் போனை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இவள் பலகையை மடித்து அலமாரியின் மேல் தட்டில், போர்வைகளுக்கு அடியில் செருகினாள். இனிமேல் தொடுவதில்லை என்று.

அவள் கணவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். சதுரங்கத்தில் அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. மனைவி ஞாயிற்றுக்கிழமை எங்கோ போய் வாடிய முகத்தோடு திரும்புகிறாள் என்பது மட்டும் தெரியும். கடை விடுமுறையான ஒரு நாள் மத்தியானம், போர்வை எடுக்கப் போனவர் பலகையைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்.

"இது ஏன் அங்க தூங்குது?"

அவள் சொன்னாள். போன் சொன்னதையும் சொன்னாள். அவர் தன் பனியனில் ஒட்டியிருந்த ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஃப்ரிட்ஜ் குளிரலைன்னா கேஸ் போயிருச்சுன்னு தெருவுல போறவன்கூடச் சொல்லுவான். ஏன் போச்சு, எங்க கசியுதுன்னு பாக்கணும். அதைப் பாக்காம கேஸை நிரப்பிக் குடுத்தா அடுத்த மாசம் அதே வீட்ல இருந்து கூப்பிடுவாங்க, திட்டுறதுக்கு."

"கசிவை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சோப்புத் தண்ணியைக் குழாய் முழுக்கத் தடவிட்டுச் சும்மா பாத்துட்டே இருக்கணும். எங்க நுரை முட்டை விடுதோ அங்கதான். அவசரப்பட்டா தெரியாது." பலகையை மேசை மேல் விரித்தார். "முதல்ல இருந்து ஆடிக் காட்டு. ஒவ்வொண்ணுக்கும் அப்ப என்ன நெனச்சேன்னு சொல்லு. எனக்குப் புரியாட்டிப் பரவால்ல."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்ததால் அறை முழுக்கத் தேன் நிறத்தில் வெளிச்சம். தெருவில் யாரும் இல்லை. வெயிலில் எல்லா வீடுகளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. அவர் தொப்பிக்காரராக எதிரே உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் அந்தப் பக்கத்துக் காய்களை நகர்த்தினார். மந்திரியை எடு என்றால் யானையை எடுப்பார், பிறகு திருத்திக்கொள்வார்.

"இதை ஏன் வெச்ச?"

"அவர் சிப்பாய் இங்க வரக் கூடாதுன்னு."

"இது?"

"இந்தப் பக்கம் வழி திறந்தா என் யானை உள்ள போகும்ல, அதுக்கு."

"கெட்டிக்காரிதான். இது?"

இப்படியே போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. பதில் சொல்லும்போது அவளுக்கே வியப்பாக இருந்தது, இத்தனை யோசித்தேனா என்று. யானையைப் பிடுங்கிய இடம் வந்தது. அதற்கடுத்து அந்த ஓரத்துச் சிப்பாய்.

"இது?"

அவள் அந்தச் சிப்பாயைப் பின்னால் எடுத்து வைத்தாள், மறுபடியும் முன்னால் தள்ளினாள்.

"உடனே வெச்சியா, யோசிச்சு வெச்சியா?"

"ரொம்ப நேரம் கழிச்சுதான் வெச்சேன்."

"அவ்வளவு நேரம் என்ன யோசிச்ச?"

"ஒண்ணும் யோசிக்கல."

"ஒண்ணும் யோசிக்காம எப்படி? மண்டைக்குள்ள ஏதாவது ஓடியிருக்கும்ல." அவர் மேசை மேல் கையை ஊன்றி அவள் முகத்தையே பார்த்தார், குழாயைப் பார்க்கிற மாதிரி. "நுரை விடுது. இங்கதான்."

அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்று. சொல்ல வேண்டிய அளவுக்கு அது ஒன்றும் பெரிதாகவும் இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரயில்ல போயிட்டு இருந்தேன்."

ஆட்டம் கைக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று தோன்றுகிற நொடியில் அது வரும். முதலில் பாதங்கள் லேசாகும். மேசைக்கடியில் செருப்பு தானாக நழுவும். பிறகு கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் மெல்ல ஓட ஆரம்பிக்கும், தண்டவாளத்தின் கட்டைகள் ஓடுவது போல. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு துணிப்பை, அதில் ஒன்றுமில்லை. வெளியே ஆளுயரப் புல், காற்று ஒரு பக்கமாகச் சீவிவிட்ட புல், எல்லை இல்லாமல். நடுநடுவே தண்ணீர் தேங்கிய இடங்கள், அதில் வானம் துண்டு துண்டாகக் கிடக்கும். ரயில் நிலையங்கள் வரும். பெயர்ப் பலகைகளில் எழுத்து இருக்கும், வாசிக்க வராது, வாசிக்கவும் வேண்டியதில்லை. பெட்டியில் யாரோ இருப்பார்கள், ஆனால் ஒருவரும் அவளைத் தெரிந்தவர்கள் இல்லை. எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். எப்போது வருவாய் என்றும் கேட்க மாட்டார்கள். சின்ன வயதில் துவைத்த துணிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு நின்றிருக்கிறாள். ஈரத்துணி முகத்தில் பட, உலகம் அந்தப் பக்கம் இருக்க, அப்படி ஒரு நிம்மதி. ரயில் எந்த ஊருக்கும் போய்ச் சேராது. போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று யாராவது இருமுவார்கள். கடிகாரம் ஓடுவது தெரியும். ஐயோ என்று கைக்கு அகப்பட்ட சிப்பாயைத் தள்ளுவாள்.

சொல்லி முடித்தபோது தெருவில் ஒரு நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது கேட்டது.

"எல்லா ஆட்டத்துலயும் இதானா?" என்றார் அவர்.

"ஜெயிக்கற ஆட்டத்துல மட்டும். தோக்கற ஆட்டத்துல வராது. அதனாலதான் அதையெல்லாம் சமாளிச்சு டிரா பண்ணிடறேன் போல."

அவர் கையிலிருந்த கறுப்புக் குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எங்க இருக்கேன் அந்த ரயில்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நேரமும் உண்மையே சொல்லிக்கொண்டு வந்த வாய், பொய்யின் பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. "நீங்க இல்ல."

"மேல் பெர்த்துல படுத்திருப்பேனோ என்னமோ. பாத்தியா?"

"பாத்துட்டேன். இல்ல."

"சரி" என்றார். குதிரையைப் பலகையில் வைத்தார். எழுந்து போய், ஒரு பழுதும் இல்லாத தங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றி, சாயங்காலம் வரை அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்கள் அவர் கோபமாக இல்லை. ஆனால் பேச்சு சுருங்கிவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில். அவளும் விளக்கம் சொல்லப் போகவில்லை. எதை விளக்குவது? அவரை வேண்டாம் என்று அவள் இறக்கிவிடவில்லையே. அந்த ரயிலில் அவளேகூட முழுசாக இல்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த ரயில்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ற?"

"பசிக்கவே பசிக்காது."

"நல்ல ரயிலா இருக்கே. சமைக்கவும் வேண்டாம்." கொஞ்சம் மென்றுவிட்டு, "ஃபேன் ஓடுதா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அவர் எழுந்து தலையில் தட்டினார். அவ்வளவுதான், அது தீர்ந்தது.

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் அவள் கிளப்பு முழுக்கப் பரப்பாமல் இருந்ததே பெரிய காரியம். வீட்டுக்குள் மட்டும் கிண்டல் பண்ணினாள். "எங்க அண்ணி ரெண்டு கோட்டை கட்டுவாங்க. முதல்ல ராஜாவுக்கு ஒண்ணு. அப்புறம் மனக்கோட்டை. ரெண்டாவதைக் கட்டறதுக்குள்ள முதல் கோட்டை காலி." கூடவே வைத்தியமும் சொன்னாள். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ள வேண்டும். கனவு வருகிற அறிகுறி தெரிந்தால் இழுத்துச் சுரீரென்று விட வேண்டும்.

வைத்தியம் பலித்தது. செருப்பு நழுவும், உடனே ரப்பர் பேண்டு சுரீர் என்னும், ரயில் அப்படியே கரைந்துபோகும். அந்த ஞாயிறு ஜெயித்தாள். அடுத்த ஞாயிறும் ஜெயித்தாள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தோற்றார். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வளையம் விழுந்தது.

ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது வேலை முடிந்து வருகிற மாதிரி இருந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வாரம் முழுக்க அவளோடு கடைக்கு வரும். தண்ணீர்ச் சத்தத்துக்குள் காய்கள் தாமாக நடமாடும். தோற்ற ஆட்டமாக இருந்தாலும் அதற்குள் போய் உலாவிவிட்டு வருவாள். இப்போது சாணைக் கல் வெறும் கல்லாகச் சுற்றியது. ஒரு நாள் ஒரு கண்ணாடியின் மூலை பிசிறு விட்டது. முதல் தடவை. முதலாளி அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவதாம்மா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். அது உண்மைதான்.

அந்த வாரக் கடைசியில் அவள் ரப்பர் பேண்டைக் கழற்றிக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

எதிரே அன்று ஒரு ஓய்வுபெற்ற நில அளவையாளர். நிதானமானவர், ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் மூக்கைச் சொறிவார். ஆட்டம் வழக்கம் போல மெல்ல ஊர்ந்து, வழக்கம் போல அவள் பக்கம் சாய்ந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவருடைய ராணி அகப்பட்டுக்கொண்ட இடத்தில் பாதங்கள் லேசாயின. செருப்பு நழுவியது. கட்டங்கள் ஓடத் தொடங்கின. புல் தெரிந்தது.

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். காயைத் தொட்டால்தானே வம்பு? பிறகு நழுவிய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து, பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனாள். கடிகாரம் அவள் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடட்டும். படிக்கட்டில் நின்றால் டயர் கடையின் பின்முற்றம் தெரியும். அடுக்கி வைத்த பழைய டயர்களுக்குள் மழைத்தண்ணீர் நிறைந்து, ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிணறு மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரயிலை வர விட்டாள். தடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பெயர் தெரியாத நிலையங்கள் இரண்டு மூன்று கடந்தன. மழை அந்தப் பக்கமும் பெய்தது. போதும் என்று தோன்றியபோது அது தானாகவே தூரப் போயிற்று, கடைசிப் பெட்டியின் விளக்கு வரை தெரிந்து மறைந்தது.

திரும்பி வரும்போது வழி நில அளவையாளரின் நாற்காலிக்குப் பின்னால் போயிற்று. அங்கே நாற்காலிகளை நெருக்கமாகப் போட்டிருந்ததால் ஒரு கணம் நிற்க வேண்டியிருந்தது. அவர் தோளுக்கு மேலாகப் பலகையைப் பார்த்தாள். தன் காய்கள் தூரத்தில், எதிரிகளாக நின்றன. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் அவருடைய மூலை மந்திரி நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் நின்ற ஒரு சிப்பாய்க்கு அப்பால் அவளுடைய ராஜாவையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் நாற்காலியிலிருந்து பார்த்தால் அது ஒரு பாவப்பட்ட மந்திரி. அவருடைய நாற்காலியிலிருந்து பார்த்தால் அவருடைய கடைசி ஆசை.

உட்கார்ந்தாள். முதலில் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தாள். நில அளவையாளர் மூக்கைச் சொறிவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

"நடுவுல எங்க எழுந்து போனீங்க?" என்றார் கை குலுக்கும்போது.

"கொஞ்சம் வெளியூர் போயிட்டு வந்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே அவள் முறை. கிளப்பில் அவள் எழுந்தால் பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும், அக்கா ஜெயிக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள் என்று. அது எதிராளிக்கும் புரியும் என்பதுதான் ஒரு சங்கடம். அதற்காகச் சில நேரம் தோற்கும்போதும் வீம்புக்கு எழுந்து போய்விட்டு வருவாள்.

மழைக்காலம் முடிந்தபோது, வேறு ஊரில் நடந்த போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஆட்களைக் கேட்டார்கள். நாத்தனாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அண்ணி பெயரைக் கொடுத்துவிட்டாள். பகல் ரயில். கணவர் ஸ்டேஷன் வரை வந்து பையைத் தூக்கி வைத்தார்.

"நானும் வரட்டுமான்னு கேக்க மாட்டேன்" என்றார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "டிக்கெட்டும் எடுக்கல."

"வந்தா உக்காரக்கூட இடமில்ல, பாருங்க."

உண்மைதான். ஜன்னலோரத்தில் ஒரு பெரிய உடம்புக்காரர் ஏறியதுமே தூங்கத் தொடங்கியிருந்தார். நடுவில் ஒரு குடும்பம். கைக்குழந்தை அவள் மடிக்கு வந்து, சேலையை ஈரமாக்கி, போய், மறுபடியும் வந்தது. எங்கே போறீங்க, எதுக்குப் போறீங்க, எப்ப திரும்புவீங்க, எத்தனை பிள்ளைங்க என்று அந்தக் குழந்தையின் பாட்டி கேட்காத கேள்வி இல்லை. செஸ் ஆடப் போகிறேன் என்றதும் பெட்டியே அவளைத் திரும்பிப் பார்த்தது. வழியெல்லாம் அவர்களுக்குக் குதிரை எப்படிப் போகும் என்று சொல்லிக்கொண்டு போனாள். புல்வெளி எதுவும் வந்ததாக நினைவில்லை.

போட்டியில் அவள் ஆறு ஆட்டம் ஆடி, பட்டியலின் நடுவில் வந்து நின்றாள்; வருத்தப்பட ஒன்றுமில்லாத இடம். ஆனால் ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் வீட்டுக்கு வந்ததும் பேச்சு. பைகூட இன்னும் அவிழ்க்கவில்லை. கணவர் பலகையை விரித்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, காய்களை அடுக்கிவிட்டார். இப்போதெல்லாம் மந்திரிக்கும் யானைக்கும் அவருக்குக் குழப்பம் வருவதில்லை. நாத்தனார் படியிலேயே உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

நகர்வுகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எதிராளியிடம் இரண்டு சிப்பாய்களும் ஒரு சோர்ந்த மந்திரியும்தான் மிச்சம். அந்த இடத்தில் அவள் கை நின்றது.

"இங்க எழுந்து போனேன்."

"ரயிலா?" என்றார்.

"வரல."

"வரலையா?"

"வராந்தால நின்னேன். புது இடம்ல, வழி தெரியாம சுத்திட்டு இருக்கும், வந்துரும்னு நெனச்சேன். செருப்பைக்கூடக் கழட்டிப் பாத்தேன். அங்க ஒரு தண்ணி டிரம் இருந்துது, அதையே பாத்துட்டு நின்னேன். வரவே இல்ல. இவ்வளவு நேரம் நின்னாச்சு, இன்னும் கொஞ்சம் பாப்போம்னு நின்னேன். உள்ள வந்து பாத்தா கடிகாரத்துல என் நேரம் முடிஞ்சுபோச்சு, தோத்தாச்சு."

"ஜெயிக்கற ஆட்டமா?"

"நான் சும்மா உக்காந்திருந்தாலே ஜெயிச்சிருப்பேன்."

முதலில் வெடித்தது நாத்தனார்தான். படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, சிரிப்பு விக்கலாக மாறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வருகிற வரை. அடக்க அடக்க மறுபடியும் யாராவது தொடங்கினார்கள்.

"வராத ரயிலுக்கு வெயிட் பண்ணி ஆட்டத்தைக் கோட்டை விட்டது உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே. "அப்புறம் எப்பதான் வந்துது?"

"திரும்பி வரும்போது. ரயில்ல இடம் கிடைக்கல, பஸ்ல வந்தேனா? ஊர் தாண்டுனதும் வந்துருச்சு."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். அவர் கறுப்பு மந்திரியை விரல்களுக்கிடையில் உருட்டியபடி சாய்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கிய முகத்தில் ஒரு ஆர்வம் வந்திருந்தது.

"எப்படி இருந்துது இந்தத் தடவை?"

வெளியே சாயங்காலம் ஜன்னல் திரையைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது.

"வெயில் அடிச்சிட்டு இருந்துது. ஒரு பாலம் வந்துச்சு, இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. ரொம்ப நீளம். கீழ தண்ணியே தெரியல, பனி மாதிரி ஏதோ. பாலம் பாதி தாண்டும்போது கண்டக்டர் எழுப்பிட்டாரு."

"பாவி" என்றார் அவர், கண்டக்டரை. பிறகு அந்தச் சோர்ந்த மந்திரியை அதன் இடத்திலேயே திரும்ப வைத்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நீ எழுந்து போகலைன்னு வெச்சுக்குவோம். இங்க இருந்து எப்படி ஜெயிச்சிருப்ப? காட்டு."

அவள் யானையைத் தொட்டாள். இல்லை என்று கையை எடுத்துக்கொண்டாள். நினைத்த அளவுக்கு அது அத்தனை சுலபமாக இல்லை. அந்தச் சோர்ந்த மந்திரி இன்னும் ஒரு வழியைக் காத்துக்கொண்டிருந்தது. "இருங்க" என்றாள், முழங்கைகளை மேசையில் ஊன்றிக் குனிந்து. அவர் விளக்கைப் போட எழுந்தார்.